வல்வெட்டித்துறையை எழுத வருகிறவர்களுக்கு



பத்திரிகையாளர்கள், ஆவணப்படக்காரர்கள், ஆய்வு மாணவர்கள், யூரியூப்காரர்கள், கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து வான் பிடித்துச் சுற்றிப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். ஊரின் மதவடியில் நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எங்களுக்கு அலுத்துப்போய்விட்டது. ஒருதரம் எழுதிவைத்தால் நீங்கள் வரும் வழியிலேயே வாசித்துவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவுதான் தூரம். அச்சுவேலி தாண்டுவதற்குள் முடித்துவிடுவீர்கள்.

உங்கள் வருகை எப்படி நடக்கும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். காலை பத்து மணியளவில் வான் வந்து நிற்கும். கண்ணாடியை இறக்கி, குரலையும் கொஞ்சம் இறக்கி, "அவருடைய வீடு எங்கே?" என்று கேட்பீர்கள். எவருடைய வீடு என்று நாங்கள் திருப்பிக் கேட்பதில்லை. ஆலடி ஒழுங்கைப் பக்கம் கையைக் காட்டுவோம். அங்கே வீடு இல்லை. போர் முடிந்த அடுத்த ஆண்டு, 2010இல், எஞ்சியிருந்த சுவர்களையும் இடித்துவிட்டார்கள். வெறும் வளவை நாலு பக்கமும் நின்று படம் எடுப்பீர்கள். பிறகு கடற்கரைக்குப் போய், வலை பொத்திக்கொண்டிருக்கும் யாராவது ஒரு வயதானவரிடம் அந்தக் காலத்துக் கடத்தலைப் பற்றி விசாரிப்பீர்கள். அவருக்கும் இது பழகிவிட்டது. உங்களுக்குப் பிடித்த மாதிரி இரண்டு கதை சொல்லுவார், அதில் ஒன்று நடந்ததாகவும் இருக்கக்கூடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வான் பருத்தித்துறைக்குப் போய்விடும். அடுத்த மாதம் எங்கள் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவரும்.

அவரைப் பற்றி எழுதாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. விடுதலைப் புலிகளின் தலைவராக இருந்த வேலுப்பிள்ளை பிரபாகரன் இந்த ஊர்க்காரர். அவருடைய தாயார் 2011 பெப்ரவரியில் கண்ணை மூடியதும் இந்த ஊர் ஆசுபத்திரியில்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை, மறைத்தாலும் நீங்கள் விடப்போவதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஊரைப் பார்க்காமல் அந்த வளவை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், அந்த வளவுகூட உங்களுக்கு விளங்காது.

முதலில் ஊரின் அமைப்பு. கிராமம் என்று எழுதிவிடாதீர்கள், எங்களுக்கு நகரசபை இருக்கிறது. (அதன் கையில் காசு இருக்கிறதா என்பது வேறு கதை.) மேற்கே தொண்டைமானாறு, கிழக்கே பொலிகண்டி, தெற்கே வல்வெட்டியும் உடுப்பிட்டியும், வடக்கே கடல். யாழ்ப்பாணத்தின் மற்ற ஊர்களில் வீட்டுக்கு ஒரு வளவும், வளவைச் சுற்றி வேலியும், உள்ளே கிணறும் தென்னையும் வாழையும் இருக்கும். இங்கே கடலுக்கும் றோட்டுக்கும் இடையில் மதிலோடு மதில் முட்டிக்கொண்டு வீடுகள் நிற்கும். எதிரே சைக்கிள் வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டிய ஒழுங்கைகள். தோட்டம் செய்து பிழைக்கிற சனம் இப்படி நெருக்கிக் கட்டாது. கடலை விட்டுத் தள்ளிப்போக மனமில்லாதவர்கள் கட்டிய ஊர் இது.

கரையில் நின்று பார்த்தால் கொஞ்சத் தூரத்தில் அலை வெள்ளையாக உடைவது தெரியும். அது பார், தண்ணீருக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டு. பாருக்கு உட்பக்கம் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். சோழகம் வீசும் மாதங்களில் எங்கள் கடல் குளம் மாதிரி. ஐப்பசிக்குப் பிறகு வாடை எழும்பினால் அதே கடல் வீட்டு மதில்வரை வந்து தட்டும். நீங்கள் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து ஆடி, ஆவணியில் வருகிறீர்கள். அதனால் எங்கள் கடலை அமைதியான கடல் என்று எழுதிவிடுகிறீர்கள். மார்கழியில் ஒருக்கால் வந்து பாருங்கள்.

இந்தக் கரையிலிருந்து பாய்க்கப்பல்கள் நாகபட்டினம், காக்கிநாடா, கொச்சி என்று இந்தியக் கரை முழுக்கப் போயின. வங்காள விரிகுடாவைக் கடந்து அக்கியாப்புக்கும் றங்கூனுக்கும் போயின. பர்மாவிலிருந்து அரிசியும் மரமும், இந்தியாவிலிருந்து ஓடும் துணியும் வந்து இறங்கின. இங்கேயிருந்து புகையிலையும் பனைமரமும் ஏறின. கப்பலை நடத்துகிறவர் தண்டயல், கட்டுகிறவர் மேஸ்திரி. இந்த இரண்டு தொழிலுக்கும் ஊரில் இருந்த மரியாதை கவர்ன்மெண்ட் உத்தியோகத்துக்கு இருந்த மரியாதைக்குக் குறைந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இப்படிச் சொல்லக்கூடிய ஊர்கள் அதிகமில்லை.

கப்பற் காசில்தான் ஊர் எழும்பியது. வைத்தீஸ்வரன் கோவில் என்கிற எங்கள் சிவன் கோவிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டுவித்தவர் ஒரு கப்பல் முதலாளி. திருமேனியார் குடும்பத்து வேங்கடாசலம் என்று பெயர், ஊர் அவரைப் பெரியவர் என்று சொன்னது. பிரபாகரனின் குடும்பம் அந்த வழியில் வந்தது. நீங்கள் படம் எடுக்கிற வெறும் வளவின் வேர் கோவில் வாசலில் இருக்கிறது. அங்கே போக ஐந்து நிமிட நடை. பெரும்பாலானவர்கள் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிப்பதில்லை.

சாதியைப் பற்றியும் கேட்பீர்கள், ஆனால் சுற்றிவளைத்துக் கேட்பீர்கள். நேரே சொல்லிவிடுகிறேன். ஊரில் பெரும்பான்மை கரையார். நிலம் வைத்திருந்த வெள்ளாளர் மேலே இருந்த யாழ்ப்பாணத்தில், கடலில் உழைத்த சனம் தன் கோவிலையும் பள்ளிக்கூடத்தையும் தானே கட்டிக்கொண்டது. எவரிடமும் கைகட்டி நிற்காத குணம் ஒன்று இந்த ஊருக்கு உண்டென்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். பாராட்டாகவும் சொல்வார்கள், திட்டாகவும் சொல்வார்கள். அதற்குக் காரணத்தை வீரத்தில் தேடவேண்டாம், பொருளாதாரத்தில் தேடுங்கள். அதேநேரம் எங்களுக்குள் மேல் கீழ் இருந்ததில்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடலோடிகளின் ஊரென்றால் படிப்பறிவு குறைந்த ஊர் என்று ஒரு நினைப்பு உங்களில் சிலருக்கு இருக்கிறது. சிந்தாமணி நிகண்டை 1876இல் இயற்றிய ச. வயித்தியலிங்கம்பிள்ளை எங்கள் ஊர்க்காரர். இயற்றமிழ்ப் போதகாசிரியர் என்ற பட்டத்தோடு சேர்த்தே அவர் பெயரைச் சொல்வார்கள். பாரதி நிலைய முத்திராட்சரசாலை என்று ஒரு அச்சுக்கூடத்தையும் இந்த ஊரில் வைத்து நடத்தினார். அரிசி மூட்டை இறங்கிய அதே கரைக்கு அந்தக் காலத்தில் கடதாசியும் மையும் வந்து இறங்கியிருக்கின்றன.

இனி அன்னபூரணி. எங்கள் ஊரைப் பற்றி ஒரேயொரு கதைதான் எழுத இடமிருக்கிறது என்றால் இதை எழுதுங்கள்.

1930 அளவில் சுந்தர மேஸ்திரியார் இந்தக் கரையில் வேப்பமரத்தில் கட்டிய கப்பல் அது. முழுப் பெயர் அன்னபூரணி அம்மாள். நீளம் 89 அடி. ஊரில் இந்தக் கதையைச் சொல்லும்போது தலைமுறைக்குப் பத்தடி கூடும், நீங்கள் 89 என்றே குறித்துக்கொள்ளுங்கள். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். அவர் சும்மா உல்லாசப் பயணி அல்ல. 1928இல் சின்னப் பாய்ப்படகு ஒன்றில் புறப்பட்டு உலகத்தைச் சுற்றி 1931இல் திரும்பிய ஆள். கப்பலைக் கண்ணால் பார்த்து மதிப்புப் போடத் தெரிந்தவர். உலகம் முழுக்கத் துறைமுகம் பார்த்த ஒருவர், பனங்கூடலுக்குப் பக்கத்தில் கட்டின கப்பலை விலை கொடுத்து வாங்கினார் என்பதில் மேஸ்திரியாரின் கைத்திறனுக்குச் சான்றிதழ் இருக்கிறது.

மனைவியின் பெயரை வைத்து கப்பலுக்குப் புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். 1937இல் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் ஊர்க் கடலோடிகளும் அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். செங்கடல், சுயெஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரோல்டர், பிறகு அத்திலாந்திக். பெர்மியூடாவைத் தொட்டு, 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்தில் குளொஸ்ரர் என்ற ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் படமும் செய்தியும் போட்டன. வங்காள விரிகுடாவில் அரிசி ஏற்றிப் பழகிய கைகள், அத்திலாந்திக்கிலும் அதே பாயை அதே மாதிரிச் சுருட்டி விரித்திருக்கின்றன.

குளொஸ்ரர் எப்படிப்பட்ட ஊர் என்று ஒரு ஆர்வத்தில் தேடி வாசித்திருக்கிறேன். அதுவும் கடலை நம்பிய சின்ன ஊர்தான். 1623இல் மீன்பிடிக்க வந்தவர்கள் குடியேறிய இடம். சனத்தொகை இன்றைக்கும் முப்பதாயிரம் அளவில்தான். கரையில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது: மழைச்சட்டை போட்ட ஒரு மனுசன் சுக்கான் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறான். 1925இல் வைத்தது. சிலையைச் சுற்றி, அந்த ஊரிலிருந்து போய்க் கடலில் மாண்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அன்னபூரணி போய்ச் சேர்ந்தபோது அந்தச் சிலை அங்கே நின்றது. கரையிறங்கிய எங்கள் ஆட்கள் அதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2001இல் மீனவர் மனைவிமாருக்கும் தனியாக ஒரு சிலை வைத்தார்கள், பிள்ளைகளோடு நின்று கடலைப் பார்க்கிற ஒரு பெண்.

அந்த ஊரையும் வெளியார் எழுதியிருக்கிறார்கள். 1991இல் புயலில் அகப்பட்டு ஆறு பேரோடு காணாமற்போன அந்திரியா கெயில் என்ற மீன்பிடிப் படகைப் பற்றி செபஸ்ரியன் ஜங்கர் 1997இல் ஒரு புத்தகம் எழுதினார். 2000இல் அது படமாகவும் வந்தது. ஜங்கர் குளொஸ்ரரில் குடியிருந்தவர். மீனவர்கள் குடிக்கிற கடையில் போயிருந்து, செத்தவர்களின் தாய்மாரோடும் சிநேகிதரோடும் கதைத்து எழுதினார். அதனால் புயலோடு சேர்ந்து அந்த ஊரும் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குத் திரும்புகிற வானில் வந்து இப்படி எழுத முடியாது.

இப்போது எங்கள் குறையைச் சொல்கிறேன். எங்கள் கரையிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை அப்படி ஒரே இடத்தில் எழுதிவைத்த பலகையை நான் கண்டதில்லை. பர்மாவுக்குப் போன கப்பலோடு போனவர்கள், 1964 மார்கழிப் புயலில் போனவர்கள், போர்க்காலத்தில் இரவில் இந்தியாவுக்குப் படகேறிப் போய்ச் சேராதவர்கள் என்று எத்தனையோ பேர். தங்கள் ஆட்களின் பெயர் அந்தந்த வீட்டுக்குத் தெரியும். ஊருக்கு மொத்தமாகத் தெரியாது. போரில் இறந்தவர்களைப் பற்றிச் சண்டை பிடிக்கவும் நினைவுகூரவும் ஆட்கள் உண்டு. காற்றும் கடலும் கொண்டுபோனவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

உங்களுக்கு ஒரு வழி சொல்லித் தருகிறேன். எங்கள் வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று அச்சடிப்போம். பழைய ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு முடியக் கையில் கொடுப்பது. அதில் தேவாரம் இருக்கும், இரங்கற்பா இருக்கும், கடைசியில் வம்சாவளி இருக்கும். இன்னாரின் பேரன், இன்ன கப்பலின் தண்டயலுக்கு மருமகன், இன்ன ஆண்டு றங்கூனில் இருந்தவர் என்று எழுதியிருக்கும். இந்த ஊரின் வரலாறு நூலகத்து இறாக்கையில் இருப்பதைவிட, வீட்டு அலுமாரிகளின் மேற்தட்டில் சாறிகளுக்கு அடியில் கூடுதலாக இருக்கிறது. நூலகம் நிறுவனத்தார் இப்படிப்பட்ட மலர்களை மின்வருடி இணையத்தில் சேர்க்கிறார்கள், அவர்களுக்குப் புண்ணியம். நீங்களும் வீட்டுக்காரரிடம் "கல்வெட்டு இருந்தால் பார்க்கலாமா, அம்மா" என்று கேளுங்கள். அவரது வீடு எங்கே என்று கேட்கும்போது கிடைக்கிற பார்வை வேறு, இதைக் கேட்கும்போது கிடைக்கிற தேத்தண்ணி வேறு.

கடத்தல் விஷயத்துக்கு வருவோம். நடந்தது. இல்லையென்று சொன்னால் ஊரே சிரிக்கும். ஆனால் எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். எதிர்க் கரையான கோடிக்கரை அறுபது கிலோமீற்றர் அளவு தூரம். காற்றுச் சரியாக இருந்தால் கொழும்புக்குப் போவதைவிட அங்கே போவது சுகம். தலைமுறை தலைமுறையாகச் சாமான் ஏற்றியிறக்கிய வழி. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனது, அரிசிக் கப்பல் ஓட்டம் முறிந்தது. சுதந்திரம் வந்தது. 1948இல் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தது. அதோடு கடவுச்சீட்டு, இறக்குமதி அனுமதி, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. படகு அதே படகு, சாமான் அதே சாமான், அக்கரையில் வாங்குகிறவரும் அதே ஆள். சட்டம் மட்டும் மாறிவிட்டது. சிலர் தொழிலை விட்டார்கள். சிலர் இராத்திரிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

தயவுசெய்து இதை வீரக்கதை ஆக்காதீர்கள். இதில் நாட்டுப்பற்றும் இல்லை, பெரிய பாவமும் இல்லை, வியாபாரம்தான். சிலர் மாடிவீடு கட்டினார்கள், சிலர் மறியலுக்குப் போனார்கள், கொழும்பு ஆட்சியாளர் கரையில் படையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆயுத இயக்கங்கள் ஏன் இந்த ஊரில் முளைத்தன என்று கேட்கிறீர்களே, விடையின் பாதி இங்கேதான் இருக்கிறது. கடல்வழி தெரிந்தவர்கள், அக்கரையில் சிநேகிதம் உள்ளவர்கள், சீருடைக்காரரோடு ஏற்கெனவே பகை உள்ளவர்கள் இருந்த ஊர். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்ட இயக்கக்காரர் குட்டிமணியும் இங்கே பிறந்தவர்தான்.

பிறகு நடந்தவற்றைத் திகதிகளோடு சொல்லிவிட்டுக் கடந்துபோகிறேன். 1985 மே மாதத்தில் இராணுவம் இங்கே பொதுமக்களைக் கொன்றது. 1987 மே கடைசியில் வடமராட்சி மீது ஒப்பரேஷன் லிபரேஷன் தொடங்கியது, ஊர் படையினர் கைக்குப் போனது. யூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலம் போட்டன. அதே ஆண்டு ஒக்ரோபரில் குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிரண்டு புலிகளின் உடல்கள் எங்கள் ஊர்த் தீருவிலில் எரிந்தன. 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதி, பொட்டலம் போட்ட அதே நாட்டின் படை, தன் சிப்பாய்கள் தாக்குதலில் இறந்த ஆத்திரத்தில், இந்த ஊரில் ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. வீடுகளையும் கடைகளையும் எரித்தது. அந்த நாட்களை ஊரவர்கள் பெயர்களோடும் வாக்குமூலங்களோடும் தொகுத்துப் புத்தகமாக்கி வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டு வந்தால் நல்லது. வந்து நின்று "உங்களுக்காக நாங்கள் எவ்வளவு கவலைப்பட்டோம் தெரியுமா" என்று ஆரம்பிக்கும்போது எங்களுக்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரிவதில்லை.

1954ஆம் ஆண்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பிரபாகரன் பிறந்த ஆண்டு என்று உங்களுக்கு மனப்பாடம். அதே ஆண்டு மார்ச்சில், எங்கள் பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறைக் கரையில் இறங்கிக் கோடிக்கரைவரை நீந்தினார். பாக்குநீரிணையை அவருக்கு முன் எவரும் நீந்திக் கடந்ததில்லை. கடற்கரையில் நின்று அதைப் பற்றிக் கேள்விப்பட்ட பிள்ளைகளின் தலைமுறையில் வந்தவர் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து திரும்பவும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். தொழிலால் சட்டத்தரணி. கின்னஸ் புத்தகத்தில் பெயர் வரவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிள்ளைத்தனமான பிடிவாதம் இருந்தது. ஒற்றைக்காலில் நிற்பது, நிறுத்தாமல் ஆடுவது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிர் போனது. ஊரில் அவர் பெயரில் இப்போது ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. கடல் பக்கத்தில் இருக்கத் தடாகம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. கடலில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இந்த ஊரில் வளரத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் அதற்குப் பதில்.

எப்போது வருவது என்று கேட்டால் இரண்டு நாள் சொல்லுவேன்.

ஒன்று தைப்பொங்கல். உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி. கப்பல், விமானம், தேர் என்று ஆளைவிடப் பெரிய உருவங்களை எல்லாம் வாடைக்காற்றில் ஏற்றிவிடுவார்கள். அதைப் படம் எடுக்க நூறு பேர் வருவார்கள், அரசியல்வாதிகளும் வருவார்கள். நீங்கள் ஒரு கிழமை முந்தி வாருங்கள். ஒழுங்கைக்குள் ஏதாவது ஒரு திண்ணையில் பையன்கள் பட்டத்தில் பூட்டிக் கூவவைக்கிற விண் சீவிக்கொண்டிருப்பார்கள். மூங்கிலையோ கமுகஞ் சிலாகையையோ வில்லாக வளைத்து, முன்பு நாராலும் இப்போது பொதி கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவாலும் நாண் கட்டுவார்கள். நாடாவைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்குவார்கள். கொஞ்சம் கூடச் சுரண்டினால் கீச்சிடும், குறைந்தால் ஊமையாகிவிடும். கையில் பிடித்து வீசிப் பார்த்து, காதைச் சாய்த்துக் கேட்டு, திரும்பவும் சுரண்டுவார்கள். பட்டத்தைக் கயிற்றோடு பிணைக்கிற முச்சை கட்டுவதற்கென்று ஊரில் பெயர்போன ஆட்கள் உண்டு, ஒரு விரற்கடை பிசகினால் பட்டம் குத்திக்கொண்டு விழும். நன்றாக ஏறிவிட்டால் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்கள். விடியும்வரை விண் கூவிக்கொண்டிருக்கும். 2021 மார்கழியில் வடமராட்சியில் ஒரு இளைஞர் பட்டக் கயிற்றோடு மேலே போய்த் தொங்கிய காணொளி உலகமெல்லாம் சுற்றியது. உலகம் சிரித்தது. எங்களுக்கு அந்தக் கயிற்றின் இழுவை தெரியுமாதலால் சிரிப்பு வரவில்லை.

மற்றது சித்திரைப் பறுவம். முத்துமாரி அம்மன் தீர்த்தமாடி வருகிற அன்றிரவு இந்திரவிழா. தெரு முழுக்க வாழையும் தோரணமும் விளக்கும், சந்திக்குச் சந்தி மேடை, காவடி, நாதஸ்வரம். வானத்தில் புகைக்குண்டு ஏறும். தாளை ஒட்டிப் பெரிய கூடு செய்து, அடியில் கம்பி வளையத்தில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி, கூட்டுக்குள் புகை நிறையும்வரை நாலைந்து பேர் சுற்றிப் பிடித்திருப்பார்கள். கை சுடும். தாளில் நெருப்புப் பிடித்தால் இவ்வளவு நாள் வேலையும் ஒரு நிமிசத்தில் போய்விடும். கையை விடுகிற நேரத்தைச் சொல்ல ஒருவர் இருப்பார், மற்றவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்குத்தான் லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், திருச்சி என்று போனவர்கள் எல்லோரும் ஊரில் நிற்பார்கள். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கிற வீடுகளிலும் அன்று விளக்கு எரியும்.

பூட்டிய வீடுகள் என்றேன். அவற்றையும் எழுதுங்கள். ஆனால் கைவிடப்பட்ட ஊர் என்று எழுதவேண்டாம். பிரித்தானியாவில் எங்கள் சிதம்பராக் கல்லூரிப் பழைய மாணவர் கல்லூரியின் பெயரிலேயே கணிதப் போட்டி நடத்துகிறார்கள், தமிழே தெரியாத பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சொல்லிப் பரிசு வாங்குகின்றன. பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிற தாய்மார் இங்கே எத்தனையோ பேர். முன்பு கப்பல் போனபிறகு வீட்டையும் கணக்கையும் நடத்தியவர்கள் அவர்களுடைய பாட்டிமார். இப்போது வட்ஸப்பில் பேரனைப் பார்த்தபடி ஊர்ச் சங்கக் கணக்கும் கோவிற் கணக்கும் பார்க்கிறார்கள். மைக்கைக் கொண்டுபோய்க் கடற்கரைக் கிழவரிடமே நீட்டாமல் இவர்களிடமும் நீட்டுங்கள். கிழவரைவிடத் திகதி சரியாகச் சொல்லுவார்கள்.

கடற்றொழிலைப் பற்றி எழுதுவதென்றால் இரவில் வந்து கடலைப் பாருங்கள். இந்திய இழுவைப் படகுகளின் வெளிச்சம் கரையிலிருந்தே தெரியும் நாட்கள் உண்டு. அடிமடியை வாரிக்கொண்டு போகிறார்கள், எங்கள் ஆட்களின் வலையையும் சேர்த்து. அவர்களும் தமிழர், அவர்களும் கூலிக்கு வருகிறவர்கள் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வலை போனவனுக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும். இந்தியாவுக்குச் சட்டப்படி போகிற பயணிகள் கப்பல் 2023 ஒக்ரோபரில் காங்கேசன்துறையிலிருந்து திரும்பவும் ஓடத் தொடங்கியது. நாகபட்டினத்துக்கு ரிக்கற் எடுத்துப் போய்வந்த எங்கள் ஊர்க்காரர்கள், கடவுச்சீட்டில் முத்திரை குத்தி இந்தக் கடலைக் கடக்கிற புதினத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தட்டைவடை பருத்தித்துறைக்காரருடையது, அதில் நாங்கள் உரிமை கோர மாட்டோம். மீனைப் பற்றி மட்டும் வாதத்துக்கு வாருங்கள்.

கடைசியாகக் கேட்பது இவைதான். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஆலடி ஒழுங்கைக்குப் போகமுதல் சிவன் கோவிலுக்கும் கரைக்கும் போங்கள். எந்த வீட்டில் உட்கார்ந்தாலும், உங்கள் குடும்பத்தில் கடலில் போனவர்கள் யார், எந்த ஆண்டு, எந்தப் படகு என்று ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரைக்குத் தேவைப்படாவிட்டாலும் அந்தக் குறிப்பை எங்களுக்குத் தாருங்கள். குளொஸ்ரர்காரர் வைத்திருப்பதுபோல ஒரு பலகையை நாங்களும் வைக்கவேண்டும், அதற்குப் பெயர்கள் வேண்டும். நீங்கள் எழுதி வெளிவந்ததில் ஒரு பிரதியை ஊர் வாசிகசாலைக்கு அனுப்புங்கள். இதுவரை வந்துபோனவர்களில் அனுப்பியவர்கள் மிகக் குறைவு. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருந்தாலும் பரவாயில்லை, வாசித்துச் சொல்லப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிழை இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்புவோம்.

இப்படிக்கு,
ஊர்க்காரன் ஒருவன்,
வல்வெட்டித்துறை.